சைக்கிள் பாதைகள்: நீளமும் தொடர்பும்

ஒரு நகரத்தில் எத்தனை கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிள் பாதை இருக்கிறது என்று கேட்டால், நகரசபை அலுவலகத்தில் உடனே விடை கிடைத்துவிடும். அந்தப் பாதையில் ஏறிய ஒரு மாணவி, எங்கும் இறங்காமலும், லாரிகளுக்கு நடுவே புகாமலும், தன் பள்ளிக்கூட வாயிலை அடைய முடியுமா என்று கேட்டால் விடை அவ்வளவு சுலபத்தில் கிடைப்பதில்லை. முதற் கேள்வி நீளத்தைப் பற்றியது. இரண்டாவது தொடர்பைப் பற்றியது. சைக்கிள் பாதைத் திட்டங்கள் பலவற்றில் பணம் செலவாகியும் பயன் விளையாமற் போனதற்கு, முதற் கேள்வியோடு நிறுத்திக்கொண்டதே பெரும்பாலும் காரணம் எனலாம்.

இது சிறிய விஷயமன்று. 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் 100 வீடுகளில் ஏறத்தாழ 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. பீகாரில் 2006இல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்க அரசாங்கம் பணம் வழங்கத் தொடங்கியது. அதன் விளைவை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள், உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் தொகை ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்ததாகவும், பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களிலேயே இந்த உயர்வு மிகுதியாக இருந்ததாகவும் கண்டனர். கிராமத்தில் தடையாக நின்றது தூரம். சைக்கிள் அதனைச் சுருக்கிற்று. நடுத்தர நகரத்திலோ தூரம் பெரிதன்று. பெரும்பாலான பிரயாணங்கள் 5 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அங்கே தடையாக நிற்பவை ஒரு நாற்சந்தி, ஒரு ரயில்வே கேட், ஒரு குறுகிய பாலம் ஆகியவையே. பெற்றோர் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப மறுப்பது இவ்விடங்களில் ஒன்றை நினைத்தே அன்றி, முழு வழியையும் நினைத்தன்று.

ஆணியும் நூலும்

தொடர்பின் மதிப்பு எத்தகையது என்பதை வகுப்பறையில் ஒரு பலகை, 10 ஆணிகள், சிறிது நூல் ஆகியவற்றைக் கொண்டே விளக்கிவிடலாம். ஆணிகள் நகரத்தின் 10 இடங்களைக் குறிக்கட்டும்: பள்ளி, சந்தை, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொழிற்சாலை, குடியிருப்புகள் எனக் கொள்ளலாம். 10 இடங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 45 இணைகள் கிடைக்கும். (10ஐ 9ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் வருவது இத்தொகை.) ஒவ்வோர் இணையும் ஒருவருக்கு ஒரு பிரயாணமாகும்.

இப்பொழுது அடுத்தடுத்த ஆணிகளை இரண்டிரண்டாக 5 நூற்துண்டுகளால் கட்டுக. ஒவ்வொன்றும் 2 கிலோமீட்டர் பாதை என்று கொண்டால், நகரத்தில் 10 கிலோமீட்டர் பாதை போடப்பட்டுவிட்டது. ஆண்டறிக்கையில் எழுதுவதற்கு அழகான தொகைதான். ஆனால் அதனால் கைகூடிய பிரயாணங்கள் 45இல் 5 மட்டுமே. இந்த ஐந்து துண்டுகளையும் 200 மீட்டர் நீளமுள்ள 4 சிறு இணைப்புகளால் ஒன்றோடொன்று சேர்த்தால், கூடுதலாகப் போடப்படுவது 800 மீட்டர்தான். நீளம் 8 சதவீதமே ஏறுகிறது. கைகூடும் பிரயாணங்களோ 5இலிருந்து 45 ஆகி, ஒன்பது மடங்காகின்றன. மாணாக்கர்கள் இதைத் தாமே எண்ணிப் பார்க்கும்படி செய்தல் நலம். சொல்லிக் கொடுத்தால் நம்புவார்கள், எண்ணிப் பார்த்தால் மறக்கமாட்டார்கள்.

சோதனையை இன்னும் ஒரு படி நீட்டிக்கலாம். சங்கிலியாகக் கட்டிய நூலை நடுவே ஓரிடத்தில் அறுத்தால், இரு புறமும் ஐந்தைந்து இடங்களாகப் பிரிந்து, 20 இணைகளே எஞ்சும், 25 போய்விடும். கடைசி முனையில் அறுத்தால் போவது 9 மட்டும். ஆகவே அறுபடும் இடங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல என்பது தெளிவாகும். இறுதியாக, முதல் ஆணியையும் பத்தாம் ஆணியையும் ஒரு நூலால் சேர்த்து வளையமாக்கிவிட்டால், எந்த ஓர் இடத்தில் அறுத்தாலும் 45 இணைகளும் அப்படியே நிற்கும். குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டும் நகரங்களில், அதாவது எல்லா நகரங்களிலும், இந்த வளையத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இரு நாடுகளின் அனுபவம்

மேற்கூறிய கணக்கு பலகையில் மட்டுமே மெய்யாவதன்று. 1970களின் நடுப்பகுதியில் நெதர்லாந்து நாட்டில், ஹேக், டில்பர்க் ஆகிய நகரங்களில் மாதிரிச் சைக்கிள் பாதைகள் அமைக்கப்பட்டன. அவை அகலமாகவும் வழவழப்பாகவும், செலவுக்கு அஞ்சாமல் போடப்பட்டவை. பாதை திறந்ததும் அதில் சைக்கிள்கள் நிறைந்தன. ஆனால் ஆராய்ந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் பக்கத்துத் தெருக்களில் ஏற்கெனவே சென்றுகொண்டிருந்தவர்களே என்பதும், நகரம் முழுவதிலும் சைக்கிளில் செல்வோர் தொகை சொல்லத்தக்க அளவில் ஏறவில்லை என்பதும் புலனாயின. எவ்வளவு சிறந்த பாதையானாலும் ஒன்றே ஒன்று என்றால், அதன் ஓரத்தில் இருப்பவர்களுக்கும் அதன் இரு முனைகளுக்கும் மட்டுமே அது பயன்படும்.

இந்த அனுபவத்தின் பின்னர், அதே நாட்டில் டெல்ஃப்ட் என்னும் சிறு நகரம் வேறு வழியை மேற்கொண்டது. 1979இல் ஏற்கப்பட்டு 1980களில் நிறைவேறிய அத்திட்டம், புதிய பெரும் பாதை ஒன்றையும் முன்வைக்கவில்லை. நகரத்தில் ஏற்கெனவே இருந்த தெருக்களையும் பாதைகளையும் ஒரு பின்னலாகக் கருதி, அறுபட்ட இடங்களைத் தேடிச் சேர்ப்பதே அதன் வேலையாக இருந்தது. ஓரிடத்தில் ஒரு சிறு பாலம், ஓரிடத்தில் ஒரு சுரங்கப்பாதை, மற்றோரிடத்தில் ஒருவழித் தெருவில் சைக்கிளுக்கு மட்டும் எதிர்த்திசை அனுமதி என்ற முறையில் வேலை நடந்தது. பின்னல் மூன்று அடுக்குகளாக வகுக்கப்பட்டது. நகரம் முழுவதற்குமான பாதைகள் சுமார் 500 மீட்டர் இடைவெளியிலும், வட்டாரப் பாதைகள் 200 முதல் 300 மீட்டர் இடைவெளியிலும், தெருவளவான பாதைகள் 100 முதல் 150 மீட்டர் இடைவெளியிலும் அமைந்தன. முன்பே நூற்றுக்கு 40 பிரயாணங்கள் சைக்கிளில் நடந்த அந்நகரில் அது 43 ஆயிற்று. சிறு உயர்வு என்று தோன்றலாம். நிறைந்த பாத்திரத்தில் மேலும் ஊற்றுவது கடினம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஏறத்தாழ வெறும் பாத்திரத்திலிருந்து தொடங்கிய நகரத்துக்கு உதாரணம் ஸ்பெயின் தேசத்திலுள்ள செவில். மக்கட்தொகை சுமார் 7 லட்சம், நிலம் சமதரை, கோடையில் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது வழக்கம். அந்த வகையில் இந்திய நகரங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது. 2006க்கு முன் அங்கே மொத்தப் பிரயாணங்களில் நூற்றுக்கு ஒன்றுகூடச் சைக்கிளில் நடக்கவில்லை. இருந்த சில கிலோமீட்டர் பாதைகளும் துண்டு துண்டாகக் கிடந்தன. மேயர் ஆல்ஃப்ரெடோ சான்செஸ் மான்டேசெய்ரின் காலத்தில் நகரசபை ஒரு துணிந்த முடிவுக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு துண்டாகப் போட்டுக்கொண்டு போகாமல், 2006, 2007ஆம் ஆண்டுகளிலேயே சுமார் 80 கிலோமீட்டர் பாதை ஒரே பின்னலாக, ஒரே நிறத்தில், ஒரே மாதிரியாகப் போடப்பட்டது. 2010 அளவில் அது 120 கிலோமீட்டர் ஆயிற்று. 2007இல் சுமார் 2,500 வாடகைச் சைக்கிள்களும் நகரெங்கும் வைக்கப்பட்டன. 2011 அளவில் சைக்கிள் பிரயாணங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 70,000 ஆயின. சைக்கிள்கள் பல மடங்கு பெருகியபோதும், ஒரு பிரயாணத்துக்கு நேரும் விபத்தின் வீதம் குறைந்ததாக அந்நகரின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர்.

இதற்குரிய இடம் எங்கிருந்து வந்தது என்பதே உள்ளபடி கடினமான கேள்வி. பெரும்பகுதி, கார்கள் நிறுத்தப்பட்டிருந்த சாலையோரங்களிலிருந்து எடுக்கப்பட்டது. சுமார் 5,000 கார்களுக்குரிய இடம் போயிற்று. எதிர்ப்பு இல்லாமலில்லை. ஒரே காலத்தில் நகர் முழுவதும் வேலை நடந்தமையால், எதிர்ப்பு வலுக்கும் முன்பே பயன் கண்முன் தெரிந்தது. துண்டு துண்டாகப் போட்டிருந்தால், முதல் துண்டு காலியாகக் கிடப்பதைக் காட்டியே இரண்டாவது துண்டை நிறுத்தியிருப்பார்கள். இருப்பினும் செவிலின் வெற்றியை முழுவதும் பாதைக்கே உரியதாகக் கொள்வது சரியன்று. வாடகைச் சைக்கிள்களுக்கும் அதில் பங்குண்டு.

அறுபடும் இடத்தில் நிகழ்வது

பாதைகள் எங்கே அறுபடுகின்றன? இடம் தாராளமாக உள்ள அகன்ற சாலையில் அவை போடப்படுகின்றன. சாலை குறுகும் இடத்தில், பாலத்தில், சந்தியில் முடிந்துவிடுகின்றன. அபாயம் மிகுந்த இடங்களோ இவைதாம். வேறு விதமாகச் சொன்னால், பாதுகாப்பு அதிகம் தேவைப்படாத இடத்தில் அது வழங்கப்பட்டு, தேவைப்படும் இடத்தில் விலக்கிக்கொள்ளப்படுகிறது. ஒப்பந்தக்காரருக்கும் பொறியாளருக்கும் நேர்ச்சாலை எளிது என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் கிடையாது.

சைக்கிளில் செல்பவரின் உழைப்பையும் இங்கே கணக்கிட வேண்டும். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் எடை. வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் எனக் கொண்டால், இயக்கத்தில் சேர்ந்துள்ள சக்தி சுமார் 780 ஜூல் ஆகும். ஒரு முறை பிரேக் பிடித்து நின்றால் இது முழுவதும் வெப்பமாக வீணாகி, மறுபடி காலால் மிதித்தே சம்பாதிக்கப்பட வேண்டியதாகிறது. அதே ஆளும் வண்டியும் ஒரு மீட்டர் உயரம் ஏறுவதற்கு 882 ஜூல் வேண்டும். ஆகவே ஒரு முறை நின்று புறப்படுவது சுமார் 90 சென்டிமீட்டர் உயரம் ஏறுவதற்குச் சமம். 10 இடங்களில் நிற்கவைக்கும் பாதை, அவரை 9 மீட்டர் உயரத்துக்கு, கிட்டத்தட்ட மூன்று மாடி உயரத்துக்கு, ஏற்றிவிட்டது என்க. மோட்டார் ஓட்டுபவர் இதனை உணர்வதில்லை. அவர் கால் பெடலை அழுத்துவதோடு சரி. இதனாலேயே சைக்கிள்காரர்கள் சிவப்பு விளக்கில் நிற்காமல் நழுவுவதும், சுற்றுவழியை ஒதுக்குவதும், எதிர்த்திசையில் வருவதும் நிகழ்கின்றன. இவற்றை ஒழுங்கின்மை என்று மட்டும் கருதுவது போதாது. ஓரிடத்தில் நாள்தோறும் பலர் எதிர்த்திசையில் வருகிறார்கள் என்றால், அங்கே ஓர் இணைப்பு இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சந்திகளைப் பற்றி ஒரு விசேஷ எச்சரிக்கை அவசியம். சாலையின் ஒரே பக்கத்தில் இரு திசைக்கும் பொதுவாகப் பாதை போடுவது சிக்கனமானது. செவிலில் பெரும்பாலும் அவ்வாறே செய்தார்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் திரும்பும் காரோட்டி, வழக்கமான திசையையே பார்ப்பார். மறுதிசையிலிருந்து வரும் சைக்கிளை எதிர்பார்க்கமாட்டார். அத்தகைய இடங்களில் பாதையைச் சாலை மட்டத்துக்கு மேலே மேடாக உயர்த்தியும், தனி நிறம் பூசியும் கொண்டுசென்றால் வண்டிகள் வேகம் தணிந்தே திரும்ப முடியும். நீர்வடிகாலின் இரும்புக் கம்பி மூடிகள் பாதைக்குக் குறுக்காக அமைய வேண்டும். நெடுக்காக அமைந்தால் மெல்லிய சக்கரம் கம்பிகளுக்கிடையே அகப்பட்டு ஆள் தலைகுப்புற விழுவார். நடைபாதை விளிம்பு பாதையோடு சமமாக இறக்கப்படுதல் வேண்டும். மோட்டார் சைக்கிள்கள் உள்ளே நுழைவதைத் தடுக்கக் கம்பம் நடும் வழக்கமும் உண்டு. மோட்டார் சைக்கிளின் கைப்பிடியும் சைக்கிளின் கைப்பிடியும் ஏறத்தாழ ஒரே அகலமாதலின், முன்னதைத் தடுக்கும் கம்பம் பின்னதையும் தடுக்கும். சரக்கு ஏற்றிய மூன்று சக்கர வண்டியை அடியோடு தடுத்துவிடும். இதற்குக் காவலும் கண்காணிப்புமே மருந்து.

இடைவெளியும் எண்ணிக்கையும்

ஒரு நகரத்துக்கு எவ்வளவு பாதை வேண்டும் என்பதையும் எளிதில் மதிப்பிடலாம். நகரைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் ஓரங்களில் பாதை செல்வதாகக் கொள்க. ஒவ்வோர் ஓரமும் இரண்டு கட்டங்களுக்குப் பொது. கட்டத்தின் பக்கம் 1 கிலோமீட்டர் என்றால், சதுரக் கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் பாதை வேண்டும். நடுவிலுள்ள வீட்டுக்குப் பாதை 500 மீட்டரில் இருக்கும். பக்கத்தை அரைக் கிலோமீட்டராகக் குறைத்தால் பாதை 4 கிலோமீட்டர் ஆகும். வீட்டுக்கும் பாதைக்கும் உள்ள தூரம் 250 மீட்டராகும். 40 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள நகரம், 1 கிலோமீட்டர் கட்டத்தோடு தொடங்கினால் 80 கிலோமீட்டர் பாதையில் முழு நகரையும் தொட்டுவிடலாம்.

இந்தியாவில் இக்கணக்குக்குப் பொருத்தமான நகரம் சண்டிகர். 1950களில் பிரெஞ்சுச் சிற்பி ல கார்பூசியே வகுத்த அமைப்பில், ஒரு செக்டர் 800 மீட்டர் அகலமும் 1,200 மீட்டர் நீளமும் உடையது. செக்டர்களின் எல்லைச் சாலைகளில் மட்டும் பாதை போட்டாலும் சதுரக் கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகும்; எந்த வீடும் பாதையிலிருந்து 400 மீட்டருக்கு மேல் விலகியிராது. சாலைகளை வி-1 முதல் வி-7 வரை ஏழு வகையாகப் பிரித்த அவர், சைக்கிளுக்கென வி-8 என்ற வகையைப் பின்னர்ச் சேர்த்தார். தாளில் இருந்த அவ்வெண்ணம் தரையில் பெருமளவுக்கு வந்தது பல பத்தாண்டுகள் கழித்தே.

இந்தியாவின் மற்ற நகரங்களில் நீண்ட காலம் வழிகாட்டியாக இருந்தது, இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1962இல் வெளியிட்ட விதி. மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வண்டிகள் செல்லும் சாலையில், நெரிசல் வேளையில் 400 சைக்கிள்கள் சென்றால் தனிப்பாதை போடலாம். மோட்டார் வண்டிகள் 200க்கு மேற்பட்டால் 100 சைக்கிள்கள் சென்றாலே போதும் என்று அது கூறிற்று. குறைந்த அகலம் 2 மீட்டர். அக்காலத்துச் சாலைகளில் சைக்கிள்களே பெரும்பான்மையாதலின் இவ்விதி பொருத்தமாகவே இருந்தது. 2015இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. ஆனால் ஒவ்வொரு சாலையிலும் தனித்தனியே எண்ணிப் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் அதிகாரிகளிடையே நிலைத்துவிட்டது. அபாயத்துக்கு அஞ்சி எவரும் சைக்கிளில் செல்லாத பாலத்தில் எண்ணினால் தொகை குறைவாகவே வரும்; தொகை குறைவாக இருப்பதால் பாதை தேவையில்லை என்றாகிவிடும். குழாய் இல்லாத தெருவில், குழாயில் நீர் பிடிப்பவர் எத்தனை பேர் என்று எண்ணியது போலாகும் இது.

கள ஆய்வு செய்யும் முறை

ஊழியர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு வட்டாரத்தில் இதனைச் சிறு செலவில் ஆராயலாம். வட்டாரப் படத்தில் பள்ளியை மையமாக வைத்து 3 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைக. உயர் வகுப்பு மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைப் படத்தில் பென்சிலால் குறிக்கட்டும். சைக்கிள் இருந்தும் அதில் வராதவர்கள், வர விரும்பும் வழியைக் குறிக்கட்டும். பாதுகாப்பாக உணரும் பகுதிக்குப் பச்சையும், அஞ்சும் இடத்துக்குச் சிவப்பும் தீட்டச் சொல்க. முப்பது நாற்பது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், சிவப்பு ஏறத்தாழ நான்கைந்து இடங்களிலேயே குவிந்திருப்பது தெரியவரும். பெண்களின் படங்களைத் தனியே தொகுத்துப் பார்ப்பது நலம். விளக்கில்லாத சுரங்கப்பாதை போன்ற இடங்கள் அவற்றிலேயே முதலிற் புலப்படும்.

அவ்வாறு புலப்பட்ட ஒவ்வோரிடத்துக்கும் நேரிற் சென்று, பள்ளி தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரமும், விட்டபின் ஒரு மணி நேரமும் சாலையோரத்தில் நின்று கவனித்தல் வேண்டும். மாணாக்கர்களை இவ்வேலைக்கு அனுப்பும்போது பெரியவர் ஒருவர் உடனிருப்பது இன்றியமையாதது. எண்ண வேண்டியவை: இறங்கித் தள்ளிச் செல்வோர், எதிர்த்திசையில் வருவோர், நடைபாதையில் ஏறிச் செல்வோர். மழைக்காலத்தில் ஒரு நாளும் கோடையில் ஒரு நாளும் எண்ணினால், நீர் தேங்குமிடமும் நிழல் இல்லாத இடமும் தெரியவரும்.

நகரசபைக்கு அனுப்பும் குறிப்பில், எத்தனை மீட்டர் பாதை வேண்டும் என்பதோடு, அந்த மீட்டர்களால் எந்த எந்த இடங்கள் புதிதாகச் சேர்கின்றன என்பதையும் ஆணி நூற்கணக்கில் எழுதுக. ரயில் தண்டவாளத்தின் இரு பக்கத்தையும் சேர்க்கும் 60 மீட்டர் சுரங்கப்பாதையின் செலவு, நேர்ச்சாலையில் போடும் 2 கிலோமீட்டர் பாதையின் செலவை மிஞ்சிவிடக்கூடும். அப்பொழுது மீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கில் சுரங்கப்பாதை தோற்றுப்போகும்; ஓர் இணைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் காட்டினால், இரு தரப்பும் உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் அடிப்படை கிடைக்கும். படத்தின் ஒரு பிரதியைப் பள்ளிச் சுவரில் ஒட்டிவைத்து, இணைப்பு ஒன்று நிறைவேறுந்தோறும் அவ்விடத்தின் சிவப்பின்மேல் மாணாக்கர் எவரேனும் ஒருவர் பச்சை தீட்டலாம்.